வினையெச்சத்தை வினைமுற்றாக்குங்கள்: ஆங்கிலத்தில் நகர்வைச் சொல்லும் முறை

‘அவள் வெளியே ஓடி வந்தாள்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்று என் வகுப்பில் கேட்டால், ‘ஷி கேம் அவுட் ரன்னிங்’ என்ற விடைதான் பெரும்பாலும் கிடைக்கும். அதைப் பிழை என்று அடித்துவிட முடியாது. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு இயல்பாக வருவது ‘ஷி ரேன் அவுட்’. பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் எனக்கு, காலங்களின் நுணுக்கத்தைவிட இந்த வேறுபாட்டை முதலில் சொல்லித் தருவதே முக்கியமாகப் படுகிறது. இது பிடிபட்டால் ஒருவருடைய ஆங்கிலத்தின் நடையே மாறிவிடுகிறது.

தமிழில் எந்தத் திசையில் நகர்ந்தோம் என்பதை வினைமுற்று சொல்கிறது: ஏறினான், இறங்கினான், நுழைந்தான், கடந்தான், திரும்பினான். எப்படி நகர்ந்தோம் என்பதை அதற்கு முன்னால் வரும் வினையெச்சம் சொல்கிறது: ஓடி, நீந்தி, தவழ்ந்து, நொண்டி. ஆங்கிலம் இதை அப்படியே புரட்டிப் போடுகிறது. நகர்ந்த விதம் முதன்மை வினைக்குள் போகிறது. திசையை அப், டவுன், அவுட், அக்ராஸ் போன்ற சிறு சொற்கள் சுமக்கின்றன. அமெரிக்க மொழியியலாளர் லெனர்ட் டால்மி 1985இல் வெளியான கட்டுரையில் இதை விரிவாக ஆராய்ந்தார். வினையை ஒட்டி நின்று திசை காட்டும் சொற்களுக்கு அவர் இட்ட பெயர் ‘சாட்டிலைட்’.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். தமிழ் வாக்கியத்தை மனத்தில் வையுங்கள். வினையெச்சத்தை எடுத்து ஆங்கில வினையாக்குங்கள். வினைமுற்றைச் சிறு சொல்லாகச் சுருக்குங்கள். ‘நீந்தி ஆற்றைக் கடந்தான்’: நீந்தி என்பது ஸ்வாம், கடந்தான் என்பது வெறும் அக்ராஸ். ‘ஹி ஸ்வாம் அக்ராஸ் தி ரிவர்.’ ‘நொண்டிக்கொண்டே படியிறங்கினார்’: ‘ஹி லிம்ப்ட் டவுன் தி ஸ்டெப்ஸ்.’ ‘நுனிக்காலில் நடந்து அறைக்குள் நுழைந்தாள்’: ‘ஷி டிப்டோட் இன்டு தி ரூம்.’ கடைசி வாக்கியத்தில் ‘நுழைந்தாள்’ முழுவதும் இன்டு என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிட்டது.

ஓசையைக் குறிக்கும் வினைகூட இப்படி நகரத் தொடங்கும். ‘தடதடவென்று ரயில் எங்களைக் கடந்து சென்றது’ என்பது ‘தி ட்ரெய்ன் ரம்பிள்ட் பாஸ்ட் அஸ்’. காரணத்தைச் சொல்லும் வினையும் அப்படித்தான்: ‘காற்றடித்துத் தாள்கள் மேசையிலிருந்து விழுந்தன’ என்பது ‘தி விண்ட் ப்ளூ தி பேப்பர்ஸ் ஆஃப் தி டேபிள்’. விழுந்ததைச் சொல்லத் தனி வினையே இல்லை; ஆஃப் (off) அதைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் நான் மிகவும் ரசிக்கும் சிக்கனம் இது.

அடுத்த படி, சிறு சொற்களை அடுக்குவது. ‘பையன் வீட்டிலிருந்து வெளியே ஓடி, சாலையைக் கடந்து, பூங்காவுக்குள் நுழைந்தான்’ என்பதில் தமிழுக்கு மூன்று வினைகள் தேவை. ஆங்கிலத்துக்கு ஒன்று போதும்: ‘தி பாய் ரேன் அவுட் ஆஃப் தி ஹவுஸ், அக்ராஸ் தி ரோடு அண்ட் இன்டு தி பார்க்.’ ஒரே ஓட்டம், மூன்று கட்டங்கள். நடந்த வரிசையிலேயே சொற்களும் நிற்கின்றன. ‘திரும்ப’ என்னும் பொருள் தரும் பேக் (back) இருந்தால் பெரும்பாலும் அது முன்னால் வரும், பிறகு மேல், கீழ், உள், வெளி, அதன் பின் பெயர்ச்சொல்லோடு கூடிய ப்ரெபோசிஷன்: ‘ஹி க்ளைம்ப்ட் பேக் அப் ஆன்டு தி ரூஃப்.’ திரும்பவும், மேலே, கூரைமீது. இந்த வரிசையை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். விதியாக மனப்பாடம் செய்வதைவிடக் காதுக்குப் பழக்குவதே நிலைக்கும்.

பெயர்ச்சொல் இல்லாமல் தனித்து நின்றால் அந்தச் சிறு சொல் அட்வெர்ப் பார்ட்டிக்கிள்; பெயரைப் பிடித்துக்கொண்டால் ப்ரெபோசிஷன். ‘ஹி ரேன் அப்’, ‘ஹி ரேன் அப் தி ஹில்’ இரண்டிலும் அதே அப்தான். பெயருக்குப் பதில் இட் வரும்போதுதான் வேறுபாடு கடிக்கிறது. குன்றின்மீது ஓடினால் ‘ரேன் அப் இட்’. பெட்டியை மேலே கொண்டுவந்தால் ‘பிராட் இட் அப்’. ‘பிராட் அப் இட்’ என்பது தவறு. அவே, பேக் ஆகியவை பெயரை நேரடியாகப் பிடிப்பதில்லை. அவே ஃப்ரம், பேக் டு என்று ஒரு துணை கேட்கும். அவுட்டுக்கும் பொதுவாக ஆஃப் (of) வேண்டும். ‘அவுட் தி டோர்’ போன்றவை அமெரிக்கப் பேச்சில் சகஜம்.

அக்ராஸ் பரப்பைக் கடக்க, த்ரூ சூழ்ந்திருக்கும் ஒன்றின் ஊடே செல்ல, ஓவர் தடையைத் தாண்ட. வயலை அக்ராஸ், காட்டை த்ரூ, சுவரை ஓவர். டு என்றால் பொதுவாகப் போய்ச் சேர்ந்தாயிற்று. டுவர்ட்ஸ் என்றால் அந்தத் திசையில் போனார் என்பது மட்டும் உறுதி. ‘ஹி வாக்ட் அப் டு மீ’ என்பதில் மேடு எதுவும் இல்லை. நடந்து வந்து என் அருகில் நின்றார் என்பதே பொருள்.

என்டர், டிசென்ட், அரைவ் போன்ற சொற்கள் பிரெஞ்சிலிருந்து வந்தவை. 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் ஆங்கிலத்தில் பிரெஞ்சுச் சொற்கள் பெருகின. இவை தமிழ் வினைகளைப் போலத் திசையைத் தமக்குள்ளேயே வைத்திருப்பதால் நம் கை முதலில் இவற்றை நோக்கித்தான் போகும். எழுத்தில் பொருந்தும், பேச்சில் அதிகமானால் விறைப்பாகிவிடும். அறைக்குள் நுழைவதைச் சொல்ல என்டருக்குப் பின் இன்டு போடாதீர்கள், திசை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ‘அரைவ் டு’ என்பது கிடையாது, அட் அல்லது இன்தான். ரீச்சுக்கும் டு வேண்டாம். ஹோம், தேர், அப்ஸ்டேர்ஸ், அப்ராட் ஆகியவற்றின் முன் ‘கோ டு’ வராது. ‘கோ ஹோம்’ போதும்.

பயிற்சிக்கு, தமிழில் நீங்கள் எழுதிய ஏதாவது ஒரு பத்தியை எடுத்து, அதிலுள்ள ‘ஓடிப்போய்’, ‘ஏறி’, ‘தாண்டி’ போன்றவற்றின் கீழ்க் கோடிடுங்கள். விதத்தைச் சொல்பவற்றுக்கு ஒரு நிறம், திசையைச் சொல்பவற்றுக்கு வேறு நிறம். முதல் நிறத்திலிருந்து வினையையும் இரண்டாவதிலிருந்து சிறு சொல்லையும் எடுத்து ஆங்கில வாக்கியத்தைக் கட்டுங்கள். விதமே குறிப்பிடாத இடங்களில் கோ, கம், கெட் போதும்.