சி++ ப்ராஜெக்ட்ல யூனிட் டெஸ்ட் தானா ஓடுற மாதிரி செட்டப் பண்றது

ஷிஃப்ட் டைம் படிக்கிற ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதியிருந்தேன், "07:30"னு ஸ்ட்ரிங் குடுத்தா 450னு நிமிஷத்துல திருப்பித் தரணும், அவ்ளோதான் வேலை. 07:30 குடுத்துப் பாத்தேன் சரியா வந்துச்சு, 10:15 குடுத்துப் பாத்தேன் 615 வந்துச்சு, சரின்னு அடுத்த வேலைக்குப் போயிட்டேன். அப்புறம் ஒருநாள் காலைல எட்டு மணி ஷிஃப்ட்டும் ஒன்பது மணி ஷிஃப்ட்டும் மட்டும் ராத்திரி பன்னெண்டு மணின்னு காட்டுதுன்னு கம்ப்ளைன்ட் வருது, மத்த எல்லா ஷிஃப்ட்டும் ஒழுங்கா இருக்கு. தேடிப் பாத்தா, ஸ்ட்ரிங்க நம்பராக்குற ஸ்டாய் ஃபங்ஷனுக்கு பேஸ்ங்கிற எடத்துல, அதாவது எந்த எண் முறைன்னு சொல்ற எடத்துல, 0 குடுத்து வச்சிருக்கேன். 0 குடுத்தா என்ன பேஸ்னு அதுவே ஸ்ட்ரிங்க பாத்து முடிவு பண்ணிக்கும், முன்னாடி சைபர் இருந்தா ஆக்டல்னு (எட்ட அடிப்படையா வச்ச எண் முறை) எடுத்துக்கும், ஆக்டல்ல 8, 9ங்கிற இலக்கமே கெடையாது, அதனால "08"ல அந்த சைபரோட படிக்கிறத நிறுத்திட்டு 0னு பதில் சொல்லிடும், எக்ஸப்ஷன் கூட வராது. கம்பைலருக்கும் இதுல சொல்ல ஒண்ணும் இல்ல, கோடு டைப் வாரியா சரியாதான் இருக்கு.

கம்பைல் ஆயிடுச்சுல்ல அப்ப ஓரளவு சரியாதான் இருக்கும்னு ஒரு நெனப்பு சி++ எழுதுற நமக்கெல்லாம் இருக்கு, அந்த நெனப்ப மொதல்ல விடணும். ஃபைல சேவ் பண்ணி பில்ட் குடுத்தா யூனிட் டெஸ்ட்டும், அதாவது ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனியா செக் பண்ற சின்ன கோடும், சேந்து ஓடி முடியற மாதிரி செட்டப் பண்ணிடலாம், ஒருநாள் வேலைதான். நான் சிமேக்கும் (பில்ட் எப்படி நடக்கணும்னு எழுதி வைக்கிற கருவி) கூகுள் டெஸ்ட்டும் (டெஸ்ட் எழுத உதவுற லைப்ரரி) வச்சு சொல்றேன், அதே மாதிரி லைப்ரரியான கேட்ச்2, டாக்டெஸ்ட் இதெல்லாமும் நல்லாவே இருக்கும், அமைப்பு ஒண்ணேதான்.

மொதல் வேலை டெஸ்ட் எழுதுறது இல்ல, ப்ராஜெக்ட்ட ரெண்டா பிரிக்கிறது. நெறைய பேர் இங்கதான் மாட்டிக்கிறாங்க. இன்டர்ப்ரிட்டட் லாங்குவேஜ்ல ஃபைல இம்போர்ட் பண்ணி ஃபங்ஷன கூப்ட்டுடலாம், இங்க டெஸ்ட்டுங்கிறதே தனியா ஒரு எக்ஸிக்யூட்டபிள், அதுக்குன்னு ஒரு மெயின் இருக்கு, உங்க ப்ரோக்ராமுக்கும் ஒரு மெயின் இருக்கு, ரெண்டையும் சேத்து லிங்க் பண்ணப் போனா மல்டிபிள் டெஃபனிஷன்னு லிங்க்கர் (கம்பைல் ஆன ஃபைல்கள ஒண்ணா சேக்குற கருவி) நிறுத்திடும். அதனால மெயின் இருக்கிற ஃபைல மட்டும் ஒதுக்கி வச்சுட்டு மீதி சோர்ஸ் ஃபைல் எல்லாத்தையும் சிமேக்ல ஆட் லைப்ரரி போட்டு ஒரு ஸ்டாட்டிக் லைப்ரரி ஆக்கிடுங்க. உங்க ப்ரோக்ராம் அந்த லைப்ரரிய லிங்க் பண்ணும், டெஸ்ட் எக்ஸிக்யூட்டபிளும் அதே லைப்ரரிய லிங்க் பண்ணும். மெயின் ஃபைல்ல ஆர்க்யுமென்ட் வாங்கி லைப்ரரிக்குள்ள இருக்கிற ஒரு ஃபங்ஷன கூப்புடுறதோட நிறுத்திக்கணும், பத்து இருவது வரிக்கு மேல அங்க இருந்துச்சுன்னா அந்த வரிகளுக்கு டெஸ்ட் எழுத முடியாதுன்னு அர்த்தம்.

சிலபேர் லைப்ரரி எதுக்குன்னு அதே சோர்ஸ் ஃபைல்கள டெஸ்ட் டார்கெட்லயும் திருப்பி லிஸ்ட் பண்ணிடுவாங்க. ஓடும், ஆனா ஒவ்வொரு ஃபைலும் ரெண்டு தடவ கம்பைல் ஆகும், நாளாக ஆக ஒரு டார்கெட்ல ஒரு டெஃபைன் இருக்கும் இன்னொண்ணுல இருக்காது, அப்புறம் டெஸ்ட் பண்றது ஒரு கோடு, வெளிய போறது வேற கோடுன்னு ஆயிடும். வேண்டாம். ஆனா டெஸ்ட் ஃபைல்கள மட்டும் ஸ்டாட்டிக் லைப்ரரிக்குள்ள வைக்காதீங்க, டெஸ்ட் மேக்ரோ எல்லாம் தன்னைத்தானே ரெஜிஸ்டர் பண்ணிக்கிற டைப், வெளியேருந்து யாரும் அத பேர் சொல்லி கூப்புடுறதில்ல, அதனால தேவையில்லாத ஃபைல்னு லிங்க்கர் அப்படியே விட்டுட்டுப் போயிடும், எர்ரரே வராம டெஸ்ட் காணாமப் போயிடும்.

அடுத்து கூகுள் டெஸ்ட்ட உள்ள கொண்டு வரணும். வெளி லைப்ரரிய டவுன்லோட் பண்ணி சேத்துக்கிற ஃபெட்ச் கன்டென்ட் போதும், அது சிமேக் 3.11ல வந்துச்சு, மேக் அவெய்லபிள்னு ஒரே வரில முடிக்கிற வசதி 3.14லேருந்து இருக்கு. கிட் டேக்னு கேக்குற எடத்துல மெயின் பிராஞ்ச் பேர போடாதீங்க, ஒரு ரிலீஸ் டேக் இல்லன்னா கமிட் ஹாஷ் போட்டு நிறுத்தி வைங்க, இல்லன்னா நீங்க ஒரு எழுத்து கூட மாத்தாத அன்னைக்கு பில்ட் உடையும். வெர்ஷன் பாத்து எடுங்க, 1.13லேருந்து சி++14 வேணும், 1.17லேருந்து சி++17 வேணும், பழைய கம்பைலர் வச்சிருந்தா அதுக்கேத்த டேக் புடிக்கணும். விண்டோஸ்ல விஷுவல் ஸ்டுடியோன்னா ஜிடெஸ்ட் ஃபோர்ஸ் ஷேர்ட் சிஆர்டிங்கிற வேரியபிள ஆன் பண்ணிட்டு ஃபெட்ச் பண்ணுங்க, இல்லன்னா ரன்டைம் லைப்ரரி ஒத்துப்போகலன்னு லிங்க்கர் எர்ரர் வரிசையா வரும்.

அப்புறம் ப்ராஜெக்ட்டோட மேல் லெவல் சிமேக்லிஸ்ட்ஸ் ஃபைல்ல இன்க்ளூட் சிடெஸ்ட்னு ஒரு வரி (சிடெஸ்ட்ங்கிறது சிமேக்கோட சேந்து வர்ற, டெஸ்ட்டெல்லாம் ஓட்டுற கருவி), இது மேல் லெவல்லதான் இருக்கணும். டெஸ்ட் ஃபோல்டருக்குள்ள மட்டும் போட்டுட்டு பில்ட் ஃபோல்டர்லேருந்து சிடெஸ்ட் ஓட்டினா "நோ டெஸ்ட்ஸ் வேர் ஃபவுண்ட்"னு வரும், இதுல அரை நாள் போனவங்க நெறைய. அந்த ஒரு வரிலயே பில்ட் டெஸ்டிங்னு ஒரு ஆப்ஷனும் கெடைச்சுடும், டெஸ்ட் வேண்டாம்னு நெனைக்கிறவங்க அத ஆஃப் பண்ணிக்கலாம், டெஸ்ட் ஃபோல்டர சேக்குற வரிய இந்த ஆப்ஷனுக்குள்ள ஒரு இஃப் போட்டு வச்சுடுங்க. டெஸ்ட் ஃபோல்டர்ல ஆட் எக்ஸிக்யூட்டபிள், அதுக்கு உங்க லைப்ரரியும் ஜிடெஸ்ட் மெயினும் லிங்க், கடைசியா இன்க்ளூட் கூகுள்டெஸ்ட் போட்டு ஜிடெஸ்ட் டிஸ்கவர் டெஸ்ட்ஸ். ஜிடெஸ்ட் மெயின லிங்க் பண்ணிட்டா டெஸ்ட்டுக்குன்னு தனியா மெயின் எழுத வேண்டியதில்ல. டிஸ்கவர் என்ன பண்ணும்னா பில்ட் முடிஞ்சதும் அந்த எக்ஸிக்யூட்டபிள ஒருதடவ ஓட்டி உன்கிட்ட என்னென்ன டெஸ்ட் இருக்குன்னு கேட்டு லிஸ்ட் எடுத்துக்கும், புதுசா ஒரு டெஸ்ட் எழுதினா சிமேக்ல தொடவே வேணாம். வேற ப்ராசஸருக்கு க்ராஸ் கம்பைல் பண்றவங்களுக்கு பில்ட் பண்ற மெஷின்ல அந்த எக்ஸிக்யூட்டபிள் ஓடாது, அவங்க டிஸ்கவரி மோட ப்ரீ டெஸ்ட்னு மாத்திக்கணும், 3.18லேருந்து இருக்கு.

இப்ப மொதல் டெஸ்ட். எக்ஸ்பெக்ட் ஈக்வல் மேக்ரோல ஒரு பக்கம் ஃபங்ஷன் "08:30"க்கு தர்ற பதில், இன்னொரு பக்கம் 510. எழுதி ஓட்டி பச்சையா வந்தவுடனே நிறுத்திடாதீங்க, அந்த 510ஐ 511னு மாத்தி மறுபடி பில்ட் பண்ணி ஓட்டுங்க. சிவப்பா வரணும், எந்த ஃபைல் எந்த வரி, என்ன எதிர்பாத்துச்சு என்ன வந்துச்சுன்னு ரெண்டு நம்பரும் காட்டணும். சிடெஸ்ட்டுக்கு அவுட்புட் ஆன் ஃபெயிலியர் ஆப்ஷன் குடுத்தாதான் இந்த விவரமெல்லாம் ஸ்க்ரீன்ல வரும், குடுக்கலன்னா ஃபெயில்னு ஒரு வார்த்தையோட போயிடும். ஒருதடவ கூட சிவப்பாகாத டெஸ்ட்ட நான் நம்பவே மாட்டேன், அது ஓடுதான்னே தெரியாது. ஒரு டெஸ்ட் கூட கெடைக்கலன்னாலும் சிடெஸ்ட் வழக்கமா ஃபெயில் ஆகாது, பில்ட் சர்வர் (கோட தானா பில்ட் பண்ணி டெஸ்ட் ஓட்டுற மெஷின்) அத பாஸ்னுதான் எடுத்துக்கும், அதனால நோ டெஸ்ட்ஸ் ஈக்வல் எர்ரர்ங்கிற ஆப்ஷன கண்டிப்பா சேத்துடுங்க, 3.12லேருந்து இருக்கு.

இதே மாதிரி சத்தமில்லாம ஏமாத்துற இன்னொண்ணு, சி மொழியோட சாதா அசர்ட். ஃப்ரேம்வொர்க் எதுக்கு, அசர்ட் போட்டு நானே ஒரு டெஸ்ட் ப்ரோக்ராம் எழுதிக்கிறேன்னு ஆரம்பிப்பாங்க, டீபக் பில்ட்ல நல்லா வேலை செய்யும். சிமேக்ல ரிலீஸ் பில்ட் எடுத்தா என்டீபக் டெஃபைன் ஆயிடும், அது டெஃபைன் ஆனா அசர்ட் வரி மொத்தமும் கோடுலேருந்தே போயிடும், டெஸ்ட் ப்ரோக்ராம் ஒண்ணையும் செக் பண்ணாம 0னு எக்ஸிட் ஆகும். கூகுள் டெஸ்ட்டோட எக்ஸ்பெக்ட், அசர்ட் மேக்ரோக்கள் எந்த பில்ட்லயும் இருக்கும். எக்ஸ்பெக்ட் ஃபெயில் ஆனாலும் டெஸ்ட் மேல போகும், அசர்ட் வகை அந்த ஃபங்ஷன அங்கயே முடிச்சுடும், அடுத்த வரில அந்த பாயின்டர தொடப்போறீங்கன்னா அது நல் இல்லன்னு அசர்ட்ல பாத்துட்டு போங்க. கேரக்டர் பாயின்டர் ரெண்ட எக்ஸ்பெக்ட் ஈக்வல்ல போட்டா எழுத்த பாக்காது, அட்ரஸத்தான் பாக்கும், அதுக்கு ஸ்ட்ரிங் ஈக்வல் தனியா இருக்கு. தசம நம்பர் வைக்கிற டபுளுக்கு நியர் மேக்ரோ.

ஃபங்ஷனுக்குள்ள சிஸ்டம் க்ளாக்க படிக்கிற கோடு இருந்துச்சுன்னா டெஸ்ட் ஒருநாள் பாஸ் ஆகும் ஒருநாள் ஆகாது, இப்ப மணி என்னங்கிறத வெளியேருந்து ஆர்க்யுமென்ட்டா வாங்குங்க. டெஸ்ட் எழுத கஷ்டமா இருக்கிற எடத்துலதான் டிசைனும் சிக்கலா இருக்கும், பல தடவ பாத்துட்டேன். டெம்ப் ஃபைல் எழுதுற டெஸ்ட்டுக்கு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பேர் வைங்க, ஏன்னா டிஸ்கவர் வழியா வர்ற ஒவ்வொரு டெஸ்ட்டையும் சிடெஸ்ட் தனி ப்ராசஸா ஓட்டும், ஜே ஆப்ஷன் குடுத்து நாலஞ்சு சேந்து ஓடும்போது ரெண்டு டெஸ்ட் ஒரே ஃபைல்ல எழுதி அடிச்சுக்கும். தனி ப்ராசஸா ஓடறதுல இன்னொரு விஷயம், ஒரு டெஸ்ட் க்ளோபல் வேரியபிள மாத்தி விட்டுட்டுப் போனா அது தெரியவே தெரியாது. அதனால அப்பப்போ டெஸ்ட் எக்ஸிக்யூட்டபிளயே நேரா ஜிடெஸ்ட் ஷஃபிள் ஆப்ஷனோட ஓட்டுங்க, ஒரே ப்ராசஸ்ல வரிசை மாத்தி ஓடும், மறைஞ்சிருக்கிறது வெளிய வரும்.

இவ்ளோ வந்துட்டீங்கன்னா சானிடைசர (ப்ரோக்ராம் ஓடும்போதே மெமரி மாதிரி தப்புகள புடிக்கிற கம்பைலர் வசதி) விட்டுடாதீங்க, சி++ல டெஸ்ட்டோட மதிப்புல பாதி அதுலதான் இருக்குன்னு நான் நெனைக்கிறேன். தனி பில்ட் ஃபோல்டர் ஒண்ணு வச்சு அட்ரஸ் சானிடைசரும் அன்டிஃபைன்ட் பிஹேவியர் சானிடைசரும் ஆன் பண்ணுங்க, கம்பைலுக்கும் லிங்க்குக்கும் ரெண்டுக்குமே அந்த ஃப்ளாக் குடுக்கணும். ஏறக்குறைய ரெண்டு மடங்கு மெதுவா ஓடும், பரவாயில்ல. வெக்டரோட கடைசிய தாண்டி ஒரு எலிமென்ட் படிக்கிற கோடு சாதா பில்ட்ல பெரும்பாலும் ஏதோ ஒரு நம்பரோட பாஸ் ஆயிடும், சானிடைசர்ல அந்த வரிலயே நின்னு மெமரி எங்க வாங்கினது, எங்க தப்பா படிச்சதுன்னு ரெண்டு ஸ்டாக்கும் காட்டும்.

கடைசியா புஷ் பண்ணா பில்ட் சர்வர்ல கன்ஃபிகர், பில்ட், சிடெஸ்ட் மூணும் ஓடணும், எந்த சர்வீஸா இருந்தாலும் மூணு வரிதான். டைம் அவுட்ட மட்டும் கொறைச்சுடுங்க, சிடெஸ்ட்டோட டிஃபால்ட் 1500 செகண்ட், டெட்லாக் ஆகி நகராம நின்னுட்ட ஒரு டெஸ்ட்டுக்காக 25 நிமிஷம் காத்திருக்க வேண்டாம், 30 செகண்ட் வச்சா போதும். எப்பவாவது மட்டும் ஃபெயில் ஆகுற டெஸ்ட் வந்தா பாஸ் ஆகுற வரைக்கும் திரும்ப ஓட்டுற ஆப்ஷன தேடாதீங்க, ரிப்பீட் அன்டில் ஃபெயில் 100னு குடுத்து ராத்திரி ஓட விடுங்க, மாட்டும்.

பழைய பெரிய ப்ராஜெக்ட்டா இருந்தா எல்லாத்துக்கும் டெஸ்ட் எழுத உக்காராதீங்க, முடியாது. லைப்ரரியா பிரிச்சு வச்சுட்டு அடுத்த பக் வர்ற வரைக்கும் உங்க வேலைய பாருங்க, பக் வந்ததும் அத புடிக்கிற டெஸ்ட்ட எழுதி சிவப்பாகுதான்னு பாத்துட்டு அப்புறம் கோட திருத்துங்க. நான் அந்த ஷிஃப்ட் ஃபங்ஷனுக்கு அப்படித்தான் பண்ணேன், பேரமீட்டரைஸ்ட் டெஸ்ட்டா போட்டு "00:00"லேருந்து "23:59" வரைக்கும் ஒரு நாளோட 1440 நிமிஷத்தையும் லூப்ல குடுத்தேன். மணில மட்டும் இல்ல, நிமிஷத்துலயும் "10:08", "10:09" தப்பா வந்துட்டு இருந்துச்சு, அத யாருமே கவனிச்சிருக்கல. பேஸ 10னு மாத்தினேன், 1440ம் பச்சை.