கிளிஞ்சலில் உள்ள துளை: புள்ளி நத்தையைப் பற்றிய தவறான எண்ணங்கள்

பெசன்ட் நகர் கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்குவோர் கையில் துளையுள்ள மட்டி ஓடு ஒன்றாவது அகப்படாமல் போகாது. மாலை கோப்பதற்காக யாரோ துளைத்தது என்றோ, மணலில் உருண்டு தேய்ந்தது என்றோ எண்ணி அதை வீசிவிடுவதுதான் முதல் தவறு. துளை வட்டமாகவும், வெளிப்புறம் அகன்று உட்புறம் குறுகிச் சரிந்த விளிம்புடனும் இருந்தால், அது பெரும்பாலும் மணலுக்குள் ஊர்ந்து வேட்டையாடும் நேட்டிகா குடும்பத்து நத்தையின் வேலை. அந்த நத்தை மட்டியைத் தன் அகன்ற பாதத்தால் பொதிந்துகொண்டு, அமிலம் கலந்த சுரப்பால் ஓட்டினை இளக்கி, அரம் போன்ற நாவால் சுரண்டி, மறுபடியும் இளக்கி, மறுபடியும் சுரண்டி, மணிக்கணக்கில் துளைத்துச் சதையை உண்கிறது. பாதியில் கைவிட்ட துளையின் நடுவே சிறு மேடு ஒன்று எஞ்சியிருக்கும். வெறும் தேய்மானம் என்று வாதிடுவோரிடம் அதைக் காட்டினால் போதும். முள்சங்கு வகைகளும் துளையிடும், ஆயினும் அவற்றின் துளைச்சுவர் பெரும்பாலும் நேராக இறங்கும். நேட்டிகா தன் இனத்தையும் விட்டுவைப்பதில்லை என்பதால், நத்தை ஓட்டிலேயே அதே துளையைக் கண்டு குழம்ப வேண்டாம்.

இக்குடும்பத்தில் நேட்டிகா டைக்ரினா என்று பழைய நூல்கள் குறிப்பிடும் புள்ளி நத்தை, கோலிக்குண்டைவிடச் சற்றே பெரிய, வெளிறிய ஓட்டில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாக அமைந்தது. 1798இல் ஜெர்மானிய கிளிஞ்சல் ஆய்வாளர் ரோடிங் இதற்குப் பெயரிட்டார். அதன் வாயருகே உள்ள தொப்புள் குழியை உடைசல் என்று கருதுவதும், நிறத்தை மட்டும் நம்பி வேற்றுக் கடலின் படத்தோடு ஒப்பிட்டுப் பெயர் சூட்டுவதும் அடிக்கடி நிகழ்கின்றன. வெயிலில் புள்ளிகள் மங்கிவிடும். தொப்புளின் வடிவமும், வாயை அடைக்கும் சுண்ணாம்பு மூடியும் நிறத்தைவிட நம்பத்தக்க அடையாளங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொரு தவறு. நீர் வற்றிய வேளையில் கழிமுகத்து மணலில் உடைந்த பானையின் கழுத்துப்போல் ஒரு வளையம் கிடக்கும். ரப்பர்க் குப்பை என்று அதைக் கிழித்துப் பார்ப்பவர்கள் உண்டு. அது மணலும் கோழையும் சேர்த்து நத்தை அமைத்த முட்டைத் தொகுதி.

வீட்டுக்குக் கொண்டுவரும் ஓட்டுக்குள் துறவி நண்டு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வினிகரில் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரைந்து பளபளப்பு போய்விடும். நல்ல தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும். கூம்பு வடிவ நத்தை உயிருடன் அகப்பட்டால் எந்த முனையிலும் பிடிக்கக்கூடாது, ஏனெனில் நச்சு ஊசி தாங்கிய அதன் தும்பிக்கை பின்பக்கமும் வளைந்து எட்டும்.