இங்க்ஸ்கேப்பில் தமிழ் ஸ்டென்சில்: க-வின் நடு கொட்டிப்போகாமல் வெட்டுவது

லேசரில் வெட்டும் ஸ்டென்சிலில் (எழுத்து வடிவில் துளையிட்ட பலகை) க, ண போன்ற எழுத்துகளின் மூடிய நடுப்பகுதி தனித்துண்டாகக் கீழே விழும். எனக்குச் சரிவந்த வழி, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுத்தைப் பலகையிலிருந்து கழிக்கும் முன்பே, நடுப்பகுதியை வெளிப்பகுதியோடு இணைக்கும் பாலம் போடுவது.

எழுத்தைத் தேர்ந்து ஷிஃப்ட்+கன்ட்ரோல்+சி. அது பாத் (வெட்டக்கூடிய வெளிக்கோட்டு வடிவம்) ஆகி, ஒரு குழுவாக நிற்கும்; ஷிஃப்ட்+கன்ட்ரோல்+ஜி அழுத்திக் குழுவைக் கலையுங்கள். உடனே கன்ட்ரோல் + கூட்டல் குறி; இது வடிவங்களை ஒன்றாக இணைக்கும் யூனியன். இந்த யூனியனை விடவே கூடாது: சில எழுத்துருக்களில் துணையெழுத்து உயிர்மெய்யின் மேல் ஏறி நிற்கும், யூனியன் செய்யாவிட்டால் அந்த இடத்தில் லேசர் குறுக்கே கோடு கிழிக்கும்.

அடுத்து 2 மி.மீ. அகலச் செவ்வகங்களை நடுப்பகுதியிலிருந்து வெளிவரை, எழுத்தின் மேல் வரையுங்கள். அவற்றையும் யூனியன் செய்து, எழுத்தோடு சேர்த்துத் தேர்ந்து, கன்ட்ரோல் + கழித்தல் குறி. கீழே இருப்பதிலிருந்து மேலே இருப்பதுதான் கழியும். கடைசியில் பலகையைக் குறிக்கும் செவ்வகத்தை எண்ட் விசையால் அடியில் தள்ளி, எழுத்தோடு சேர்த்துத் தேர்ந்து மறுபடி கழியுங்கள். எல்லாமே மறைந்துவிட்டால் பலகை மேலே இருக்கிறது என்று பொருள்.

ஸ்ட்ரோக் (எழுத்தின் விளிம்பில் போடும் கோடு) கணக்கில் வராது. 1 மி.மீ. ஸ்ட்ரோக் போட்டுத் தடிமனாக்கிய எழுத்து, வெட்டும்போது பக்கத்துக்கு 0.5 மி.மீ. மெலியும். யூனியனுக்கு முன்பே கன்ட்ரோல்+ஆல்ட்+சி அழுத்தி ஸ்ட்ரோக்கையும் பாத் ஆக்கி, குழுவாக நின்றால் கலைத்துவிடுங்கள்.