முட்டை வெள்ளைக்கருவால் தோலில் தங்கம் பதிப்பது எப்படி?

பினாங்கு சௌராஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகங்களைப் புரட்டும்போது எப்போதாவது தோல் அட்டை போட்ட ஒன்று கையில் சிக்கும். தோல் வெடித்திருக்கும், தாள் பழுத்திருக்கும், முதுகில் இருக்கும் தங்க எழுத்து மட்டும் அப்படியே மின்னும். கையால் பதித்த அந்த மாதிரி வேலைகளில் தங்கத்தைத் தோலோடு பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் முட்டையின் வெள்ளைக்கருதான்.

செட்டிநாட்டு வீடுகளின் வழவழப்பான சுவர்ப் பூச்சில் சுண்ணாம்போடு வெள்ளைக்கரு சேர்ப்பது நமக்குத் தெரிந்த கதை. 1850இல் பிரான்சில் பிளாங்கார் எவ்ரார் கொண்டுவந்த புகைப்படத் தாளுக்கும் வெள்ளைக்கருதான் பூச்சு. தங்கம் பிடிக்கத் தோலில் பூசும் வெள்ளைக்கருவைப் புத்தகம் கட்டுபவர்கள் 'கிளேர்' என்கிறார்கள். தெளிவானது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர், செய்முறையில் பாதி அதிலேயே அடங்கிவிட்டது.

சரி, வேலைக்கு வருவோம். இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் எடுங்கள். மஞ்சள் ஒரு சொட்டு கலந்தாலும் அதில் உள்ள கொழுப்பு காரியத்தைக் கெடுத்துவிடும், அதைப் பொரித்துச் சாப்பிட்டுவிட்டு வேறு முட்டை உடைப்பதே நல்லது. ஒரு டீஸ்பூன் வினிகர், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் கெட்டி நுரையாகும் வரை அடித்து, மூடி, குளிர்பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். காலையில் நுரைக்கு அடியில் இளமஞ்சள் நிறத்தில் தண்ணீர் போல ஒன்று இறங்கியிருக்கும். நமக்கு வேண்டியது அதுதான். மெல்லிய துணியில் வடிகட்டி எடுங்கள். முதல் தடவை நான் அவசரப்பட்டு நுரையையே தொட்டுப் பூசினேன், ஒவ்வொரு குமிழியும் தங்கத்தில் ஒரு ஓட்டையாக நின்றது.

பழகுவதற்கு மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலில் ஒரு புத்தகக் குறி போதும். அடர்ந்த நிறமாக இருந்தால் எண்ணெய்க் கறை தெரியாது. பித்தளை அச்சு ஒன்று வேண்டும். கிடைக்காவிட்டால் தடித்த பித்தளைக் கம்பியின் நுனியை அரத்தால் தட்டையாக்கி, மெருகேற்றி, மரப்பிடி போட்டுக்கொள்ளுங்கள். தோலை லேசாக ஈரப்படுத்தி, மிதமாகச் சூடேற்றிய அச்சை முதலில் தங்கம் இல்லாமலே அழுத்துங்கள். பள்ளம் விழும். அது காய்ந்ததும் பள்ளத்துக்குள் மட்டும் மெல்லிய தூரிகையால் கிளேர் பூசி, அரைமணி நேரம் காயவிட்டு, இன்னொரு முறை பூசுங்கள். மழை பெய்த நாளில் நம் ஊர்க் காற்றில் அரைமணி போதாது, விரல் வைத்தால் ஒட்டாத வரை பொறுத்திருங்கள். ஆனால் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள், ரொம்பக் காய்ந்துபோனால் பிடிப்பு குறையும்.

அடுத்தது தங்க ரேக்கு, அதாவது மிக மெல்லிய தங்கத் தகடு. மின்விசிறியை நிறுத்துங்கள், சன்னலையும் சாத்துங்கள். வியர்த்து ஊற்றும்தான், ஆனால் ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிப்புள்ள ரேக்கு, நீங்கள் பெருமூச்சு விட்டாலே சுருண்டுவிடும். பள்ளத்தின் மேல் தேங்காய் எண்ணெயைப் பஞ்சால் பட்டும் படாமலும் தடவுங்கள், அது ரேக்கு நகராமல் பிடிக்கும். வேறொரு பஞ்சால் ரேக்கை எடுத்து வைத்து மெதுவாக ஒற்றுங்கள், அடியில் இருக்கும் பள்ளம் தங்கத்தின் மேலாகவே தெரியும்.

இனி சூடு. எல்லாமே இதில்தான் இருக்கிறது. பொரித்த முட்டை மறுபடி பச்சை முட்டை ஆகாது அல்லவா? அதேபோல் அச்சின் சூட்டில் வெள்ளைக்கரு இறுகி, தங்கத்தைக் கவ்விக்கொள்கிறது. சூடு பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், ஈரப் பஞ்சில் அச்சைத் தொட்டுக் காதைக் கொடுங்கள். 'சர்ர்' என்று சீறித் தெறித்தால் அதிகம், தோல் கருகும். மெல்லிய 'உஸ்' சத்தம் வந்து அடங்கும் நேரத்தில் அச்சைத் துடைத்துவிட்டு, பழைய பள்ளத்திலேயே நேராக இறக்கி, ஒரு நொடி அழுத்தி எடுங்கள். கை ஆடினால் விளிம்பு இரட்டையாகத் தெரியும்.

சுற்றியுள்ள உபரித் தங்கத்தை மென்மையான துணியால் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் தங்கம் நிற்கும். எங்காவது விட்டுப்போயிருந்தால் அந்த இடத்தில் மட்டும் மறுபடி கிளேர், ரேக்கு, சூடு. மீந்த கிளேரைக் குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள், வாடை மாறினால் அன்றே கொட்டிவிடுங்கள். துடைத்த துணியை உதறாதீர்கள். அதில் ஒட்டியிருப்பது தங்கம், ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள்.