பேஸ் அடித்தால் அணைந்துபோகும் ஆம்ப்ளிஃபையர்

பாட்டில் பேஸ் ஏறும்போதெல்லாம் கார் டிக்கியில் இருக்கும் ஆம்ப்ளிஃபையர் சிவப்பு விளக்கைக் காட்டி அணைந்துவிடும். தொட்டால் சூடு இல்லை; ஸ்பீக்கர் ஒயர்களிலும் ஷார்ட் இல்லை. சரி என்று மல்டிமீட்டரை எடுத்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட். ஆம்ப்ளிஃபையர் முனையிலோ ஒவ்வொரு அடிக்கும் 10 வரை சரிந்தது. பாசிட்டிவ் ஒயரில் இழப்பு அதிகமில்லை. பேட்டரி நெகட்டிவுக்கும் ஆம்ப்ளிஃபையரின் எர்த் முனைக்கும் நடுவே அளந்தால் 3 வோல்ட் துள்ளியது. அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம்தான் காட்ட வேண்டும்!

எர்த் ஒயரைக் கார் பாடியோடு இணைக்கும் போல்ட்டைக் கழற்றினேன். வாஷருக்கு அடியில், மின்சாரம் கடத்தாத பெயின்ட் அப்படியே பளபளத்தது. மாட்டிக்கொடுத்த கடையில் சுரண்டாமலே முடுக்கியிருக்கிறார்கள். உப்புத்தாளால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, பாசிட்டிவ் அளவுக்கே தடிமனான ஒயர் போட்டு இறுக்கினேன். துருப்பிடிக்காமல் இருக்க மேலே கொஞ்சம் கிரீஸ். இப்போது முழுச் சத்தத்திலும் அணைவதில்லை.