குடும்ப சார்ட்ல ரெட்டைக் கோட்ட மறந்துடாதீங்க

பரம்பரை நோய் பாக்குற ஜெனிட்டிக் டாக்டர பாக்கப் போறீங்கன்னா, குடும்பத்துல யாருக்கு என்ன நோய்னு காட்டுற மூணு தலைமுறை சார்ட்ட வீட்லயே பென்சில்ல போட்டு எடுத்துட்டு போங்க, அங்க போய் உக்காந்து பெரியப்பா எந்த வயசுல போனாருன்னு யோசிச்சா ஒண்ணும் வராது. ஆணுக்கு சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தா உள்ள முழுசா நிரப்பணும், இறந்தவங்க மேல குறுக்க ஒரு சாய்வு கோடு, யாரு முதல்ல டாக்டர்ட்ட வந்தாங்களோ அவங்க பக்கத்துல அம்புக்குறி. அமெரிக்காவோட தேசிய ஜெனிட்டிக் கவுன்சிலர்கள் சங்கம் போட்ட குழு 1995ல இத ஒழுங்கு பண்ணுச்சு, அதுக்கு முன்னாடி ஆளாளுக்கு ஒரு குறி போட்டுட்டு இருந்தாங்க.

நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம் ரெட்டைக் கோடுதான். சொந்தத்துல கல்யாணம்னா கணவன் மனைவி நடுவுல ஒத்தக் கோடு இல்ல, ரெண்டு கோடு. தாய்மாமன் அக்கா மகளக் கட்டியிருந்தா கோடு ஒரு தலைமுறை கீழ சாஞ்சு போகும், பாக்க கோணலா இருக்கும், பரவால்ல, அதுக்காக அவர ரெண்டு தடவ வரைஞ்சிடாதீங்க.

பாதி நிரப்புன வட்டம்தான் வம்பு, ஒருத்தர் கேரியர்னு, அதாவது நோய் இல்லாம அந்த ஜீன மட்டும் சுமக்குறவங்கன்னு எடுப்பாரு, இன்னொருத்தர் வேற நோய்னு எடுப்பாரு, அதனால ஓரத்துல எது என்னன்னு எழுதிடுங்க.