நடுத்தர அட்வென்ச்சர் பைக்கைத் தேர்ந்தெடுக்கும் முன்

தார்ச்சாலையிலும் கரடுமுரடான பாதையிலும் ஓட்டும் அட்வென்ச்சர் பைக்கை வாங்க ஷோரூமுக்குப் போனால், முதலில் கேட்க வேண்டியது குதிரைத்திறனை அல்ல, இருக்கையின் உயரத்தை. 2016-இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனின் இருக்கை 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தது. 2023-இல் வந்த 452 சிசி ஹிமாலயனில் அதனை 825, 845 என இரு நிலைகளில் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் வழக்கமாக அணியும் பூட்ஸுடனேயே சென்று, சமதளத்தில் மட்டுமல்லாமல், ஒரு கால் பள்ளத்தில் இறங்கும்படியான ஓரத்திலும் வண்டியை நிறுத்திப் பாருங்கள். இத்தகைய வண்டிகள் ஓடும்போதைவிட நிற்கும்போதே அதிகம் சாய்கின்றன என்பது என் கணிப்பு.

452 சிசி ஹிமாலயனின் எடை 196 கிலோ. வலப்பக்கம் விழுந்தால், முதலில் சைடு ஸ்டாண்டை இறக்கிவிட்டு, கியரில் போட்டு, இருக்கைக்கு முதுகைக் கொடுத்து, கைகளால் தூக்காமல் கால்களால் உந்தி நிமிர்த்த வேண்டும். வாங்கும் முன்பே இதை ஒருமுறை, நண்பரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, செய்து பார்ப்பது நல்லது (விற்பனையாளர் முகம் சுளிக்கக்கூடும்).

முன்சக்கரம் 21 அங்குலமாக இருந்தால் கற்களின் மேல் எளிதாக ஏறும். தார்ச்சாலையே பெரும்பகுதி என்றால் 19 போதும். ஸ்போக் சக்கரத்தில் டியூப் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள், ஏனெனில் டியூப்லெஸ் டயரில் ஆணியைப் பிடுங்கி, ஓட்டையில் ரப்பர் திரியைச் சொருகி அடைத்துவிடலாம், டியூப் என்றாலோ வழியில் சக்கரத்தையே கழற்ற வேண்டும். கரடுமுரடான மண்பாதைக்குப் பின்சக்கர ஏபிஎஸ்ஸை (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) அணைக்கும் வசதியும் தேவை.